அடுப்பு வாயும் ஐஸ் தண்ணீரும்

புதுச்சேரி நகரின் விறகடுப்பு ரொட்டியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் மேலோட்டின் மொறுமொறுப்பையும், பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற காலை உணவு வழக்கத்தையும் பேசி நிறுத்திவிடுகின்றனர். அந்த ரொட்டியை அடுப்புக்குள் தள்ளி எடுக்கும் உடம்பு எப்படி அந்தச் சூட்டில் நிற்கிறது என்ற கேள்வி, தொழிலுக்குள் இருப்பவர்களிடையேகூட, 'எல்லாம் பழக்கம்தான்' என்ற ஒற்றைச் சொல்லோடு முடிந்துபோகிறது. பெரிய வாய்க்காலுக்கு மேற்கே, தமிழர் பகுதித் தெரு ஒன்றின் பின்கட்டில் இயங்கிய பேக்கரி ஒன்றில், மாவு பிசையும் உதவியாளாகச் சேர்ந்து அடுப்பு மாஸ்டராக 27 ஆண்டுகளை முடித்தவரின் குறிப்புகளே இக்கட்டுரைக்கு அடிப்படை. பழக்கம் என்ற அச்சொல் உண்மையில் எதைக் குறிக்கிறது, எவ்வளவு நாளில் வருகிறது, எவ்வளவு நாளில் போகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்பதே இதன் நோக்கம்.

முதலில் அடுப்பைச் சொல்லியாக வேண்டும். செங்கல்லால் கவிகை போலக் கட்டி, மேலே மணலும் சுண்ணாம்பும் போட்டு மூடிய அவ்வடுப்பில், கடலூர் வழியாக வரும் சவுக்கு விறகை உள்தளத்திலேயே பரப்பி இரவு முழுவதும் எரித்து, தணலை ஓரத்துக்கு ஒதுக்கி, நீளக் கழியில் கட்டிய ஈரச்சாக்கால் தளத்தைத் துடைத்த பிறகே ரொட்டி உள்ளே போகும். தளத்தின் சூட்டை அளக்கக் கருவி எதுவும் கிடையாது. ஒரு சிட்டிகை மைதாவை உள்ளே வீசி, அது உடனே கருகினால் இன்னும் ஆறவேண்டும் என்றும், வெளுத்தே கிடந்தால் தணல் போதாது என்றும், மெல்லப் பொன்னிறமானால் துடுப்பை எடுக்கலாம் என்றும் பொருள். டிகிரியில் சொன்னால் அது 220-க்கும் 250-க்கும் இடைப்பட்ட நிலை. அடுப்பு வாய்க்கு ஓர் அடி தள்ளி நிற்பவர் மீது பாய்வது சூடான காற்று மட்டுமன்று. செங்கல்லிலிருந்து நேராக வந்து தோலில் இறங்கும் கதிர்வீச்சு வெப்பமும் ஆகும். அதனால் மாஸ்டரின் நெற்றியும் நெஞ்சும் முன்கையும் காய்ந்துகொண்டிருக்கையில் முதுகுப்பக்கம் சாதாரண மே மாதப் புழுக்கத்தில் நனைந்துகொண்டிருக்கும்.

ரொட்டி அடுப்பையும் மனித உடம்பையும் ஒருசேர ஆராய்ந்த பழைய பதிவு ஒன்று பிரான்சிலேயே இருக்கிறது என்பது இத்தொழிலில் இருப்போருக்குத் தெரிய வேண்டிய செய்தி. அங்குமுவா என்ற பகுதியில் தானியத்தை அழித்துக்கொண்டிருந்த அந்துப்பூச்சியை, அதாவது நம் நெற்குதிர்களிலும் காணப்படும் அதே பூச்சியை, அடுப்புச் சூட்டில் கொல்ல முடியுமா என்று பார்ப்பதற்காகத் துய்யாமேல், தில்லே என்ற இரு அறிஞர்கள் 1760-இல் லாரோஷ்ஃபுக்கோ என்னும் ஊரின் பொது ரொட்டி அடுப்பைப் பயன்படுத்தினர். உள்ளே வைத்த வெப்பமானியை வெளியே எடுப்பதற்குள் அதன் அளவு இறங்கிவிடுவதால் அவர்கள் திகைத்து நின்றபோது, அடுப்பு வேலைக்காரப் பெண் ஒருத்தி தானே உள்ளே போய்ப் பென்சிலால் குறித்துவிட்டு வருவதாகச் சொன்னாள். தில்லே தயங்கியதைப் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே நுழைந்தவள், தண்ணீர் கொதிக்கும் நிலையைத் தாண்டிய சூட்டில், ஏறத்தாழ 130 டிகிரியில், பத்து நிமிடத்துக்கும் மேலாக இருந்துவிட்டு முகம் சிவந்து, மூச்சு வாங்காமல் வெளியே வந்தாள். அவளுடைய சிரிப்புதான் அடுப்பு மாஸ்டர்களுக்கெல்லாம் தெரிந்த சிரிப்பு.

ஆயினும் அப்பெண்ணின் பழக்கம்தான் அவளைக் காத்தது என்று முடிவுகட்டினால் தவறாகும். சில ஆண்டுகள் கழித்து, 1774-75-இல், லண்டனில் சார்லஸ் பிளாக்டன் என்னும் மருத்துவர், அடுப்பைக் கண்ணால்கூடக் காணாத கனவான் நண்பர்களுடன் கிட்டத்தட்ட அதே அளவு சூடேற்றிய அறைக்குள் சென்று சில நிமிடங்கள் நின்று திரும்பினார். அவர்களோடு உள்ளே வைத்த முட்டை கெட்டியாயிற்று, மாட்டிறைச்சித் துண்டு வெந்துபோயிற்று, மனிதர்களுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. காரணம், இரு இடத்திலும் காற்று உலர்ந்திருந்தது, நேரம் குறுகியிருந்தது, தோலில் வியர்வை ஓடியது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியாகும்போது அது உடம்பிலிருந்து பறித்துச்செல்லும் வெப்பம் சுமார் 580 கிலோகலோரி. எட்டு லிட்டர் கிணற்றுத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அவ்வளவு வெப்பம் போதும். சுற்றியுள்ள காற்று தோலின் சூட்டைவிட, அதாவது ஏறத்தாழ 35 டிகிரியைவிட, மிஞ்சிவிட்டால் உடம்புக்கு இருக்கும் ஒரே வடிகால் இந்த ஆவியாதல்தான்.

புதுச்சேரியின் இடைஞ்சல் இங்கேதான் தொடங்குகிறது. கடலோரக் காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிப் போகிறது. சொட்டிய வியர்வை உடம்பின் நீரையும் உப்பையும் எடுத்துச்செல்லுமே தவிர, சூட்டை எடுத்துச்செல்லாது. ஈரத்துணி சுற்றிய குமிழுடைய வெப்பமானி காட்டும் அளவை ஈரக்குமிழ் வெப்பநிலை என்பர். காற்று எவ்வளவு வியர்வையை ஏற்கும் என்பதை அதுவே சொல்லும். வெயிலில்லாத இடத்தில் வேலைச்சூட்டைக் கணக்கிடும்போது ஈரக்குமிழ் அளவுக்குப் பத்தில் ஏழு பங்கும், கருநிறக் கோளத்துக்குள் வைத்த வெப்பமானி காட்டும் கதிர்வீச்சுச் சூட்டுக்குப் பத்தில் மூன்று பங்கும் தருவது 1950-களில் அமெரிக்கக் கடற்படைவீரர் பயிற்சி முகாம்களுக்காக உருவான முறையின் வழி வந்த வழக்கம். இந்தப் பங்கீட்டைப் பார்த்தாலே, அடுப்பின் அனலைவிட அறையின் புழுக்கமே பெரிய பகை என்பது விளங்கும். இந்நகரின் பஞ்சாலைகளில் நூல் அறாமலிருக்க நெசவுக் கூடத்துக்குள் வேண்டுமென்றே ஈரம் ஏற்றிவந்தார்கள். அங்கே தறியோட்டிய தலைமுறையினர், அடுப்புக்காரர்களைப் பார்த்து 'உங்களுடையது காய்ச்சல், எங்களுடையது அவியல்' என்று சொன்னதில் உடலியல் பிழை எதுவும் இல்லை. 1936 ஜூலை 30 அன்று 12 தொழிலாளர் சுடப்பட்டு இறந்த போராட்டத்தின் விளைவாகக் கிடைத்த எட்டு மணி நேர வேலை, கூலிப் பிரச்சினையாக மட்டும் இன்று நினைவுகூரப்பட்டாலும், அந்த ஈரக் கூடங்களில் ஓர் உடம்பு எத்தனை மணி நேரம் தாங்கும் என்ற கணக்கும் அதற்குள் இருந்தது.

இனி, பழக்கம் உடம்புக்குள் செய்யும் வேலையைப் பார்க்கலாம். புதிதாக அடுப்புப் பக்கம் நிறுத்தப்படும் உதவியாளுக்கு முதல் இரண்டு நாளும் நெஞ்சு படபடக்கும். சூட்டை வெளியே தள்ளுவதற்காகக் குருதி தோலுக்கு ஓட, தசைக்கும் மூளைக்கும் போதாமல் போவதால் இதயம் விரைந்து அடித்து ஈடுகட்டுகிறது. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் குருதியின் நீர்ப்பகுதி, அதாவது பிளாஸ்மா, பெருகுகிறது. சுற்றிவர நீர் கூடியதால் அதே வேலைக்கு நாடித்துடிப்பு இறங்குகிறது. அடுத்த சில நாட்களில் வியர்வை முன்னைவிடச் சீக்கிரமாகவும் அதிகமாகவும் சுரக்கத் தொடங்குவதோடு, அதில் உப்பு குறைந்துபோகிறது. சிறுநீரகத்தின் மேல் அமர்ந்திருக்கும் சுரப்பிகள் விடும் ஆல்டோஸ்டிரோன் என்னும் சுரப்புநீர், வியர்வைக் குழலிலேயே உப்பை மீட்டு உள்ளே இழுத்துக்கொள்ளச் செய்கிறது. இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். புதியவனின் கருநீலச் சட்டை காய்ந்ததும் முதுகில் வெள்ளைக் கோடுகள் அலையலையாக உப்புப் பூத்திருக்கும். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து அதே சட்டை முன்னைவிட அதிகமாக நனைந்தாலும் கோடுகள் மங்கிவிடும். அந்த மங்கலைப் பார்த்துத்தான் இக்குறிப்புகளை எழுதியவர் உதவியாளை முழுநேரமும் அடுப்பு வாயில் விடுவார். படித்து அறிந்ததன்று, சலவைக்காரர் ஒருவர் சொல்லித் தந்தது.

இந்த மாற்றங்களின் பெரும்பகுதி ஒன்று முதல் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது என்பதே இக்கட்டுரையின் நடுப்புள்ளி. மூன்றாவது வாரத்துக்குப் பிறகு அடுப்பு முன் நிற்கும் ஆண்டுகள் வெப்பத் தாங்குதிறனில் கூட்டுவது மிகக் குறைவு. மாஸ்டர்கள் தங்கள் ஆண்டுக்கணக்கை உடம்பின் கணக்கில் சேர்த்துக்கொள்வது இத்தொழிலின் பெரிய மயக்கம். ஆண்டுகள் தருவது வேறு: எங்கே நிற்பது, எப்போது முகத்தைத் திருப்புவது, துடுப்பை எந்தக் கோணத்தில் இழுத்தால் முழங்கை அடுப்பின் உதட்டில் படாது என்பன. விரல்நுனியில் தடித்த காய்ப்பும் ஆண்டுகளின் விளைவுதான். ஆனால் சுடுகின்ற தட்டை வெறுங்கையால் நகர்த்த உதவும் அந்தக் காய்ப்புக்கும் உடம்பின் மையச்சூட்டுக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. வியர்வைச் சுரப்பிகளின் எண்ணிக்கையிலோ எந்தத் தொழிலும் கைவைக்க முடியாது. எத்தனை சுரப்பிகள் வேலை செய்யும் என்பது பிறந்து முதல் இரண்டரை ஆண்டுகளுக்குள் அவரவர் வளர்ந்த தட்பவெப்பத்தைப் பொறுத்து முடிவாகிவிடுகிறது என்று ஜப்பானிய உடலியலாளர் யாஸ் குனோ காட்டினார். அந்த வகையில் இவ்வூரில் பிறந்த குழந்தைக்கு நடக்கக் கற்கும்போதே பாதி ஏற்பாடு ஆகிவிடுகிறது.

வந்த பழக்கம் தங்குவதும் இல்லை. சூட்டிலிருந்து விலகினால் முதல் வாரத்திலேயே கரையத் தொடங்கி, மூன்று நான்கு வாரத்தில் ஏறத்தாழ முழுவதும் போய்விடுகிறது. திரும்பி வந்தால் முதல் தடவையைவிட விரைவாக மீள்கிறது என்பது ஒன்றே ஆறுதல். தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்டு தங்கச் சுரங்கங்களில் புதிய தொழிலாளர் வெப்பத்தாக்கில் இறந்துகொண்டிருந்ததைப் பார்த்து, டிரியோஸ்டி என்னும் மருத்துவர் 1930-களிலேயே ஆட்களைச் சூடான ஈர அறையில் வேலை செய்யவைத்துச் சோதித்துப் படிப்படியாகப் பழக்கும் முறையை வகுத்தார். இன்று அமெரிக்காவின் தொழில்சார் உடல்நல ஆய்வு நிறுவனம், புதியவரை முதல் நாள் வேலையின் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் சூட்டில் நிறுத்தி நாளுக்கு ஐந்தில் ஒரு பங்கு கூட்டவும், விடுப்பு முடிந்து திரும்பும் அனுபவசாலியைப் பாதியிலிருந்து தொடங்கி நான்காம் நாள் முழு வேலைக்குக் கொண்டுவரவும் பரிந்துரைக்கிறது. அனுபவசாலிக்கும் நான்கு நாள் வேண்டும் என்ற அந்த விதி எந்த பேக்கரிச் சுவரிலும் ஒட்டப்பட்டதில்லை.

ஒட்டப்பட்டிருந்தால் ஒரு மே மாத இரவில் நடந்தது நடந்திருக்காது. அந்தப் பின்கட்டு பேக்கரியின் மூத்த அடுப்புக்காரர் ஒருவர், மகள் திருமணத்துக்காக ஊருக்குப் போய் மூன்றரை வாரம் கழித்துத் திரும்பிய அன்றே, அக்னி நட்சத்திரத்தின் நடுவில், இருவர் செய்யும் வேலையைத் தனியாக ஏற்றார். 'கொஞ்சம் உட்காருங்க அண்ணே' என்று உதவியாளர்கள் சொன்னதற்கு, 'எனக்குப் பழகுன அடுப்புதானடா' என்பதே பதிலாக வந்தது. அதிகாலை மூன்று மணி வாக்கில் அவர் கையில் துடுப்பை வைத்துக்கொண்டே துடுப்பு எங்கே என்று கேட்டார். பிறகு எடுத்த ரொட்டிகளை எண்ணும்போது இருபதுக்கு அடுத்து மறுபடியும் பதினொன்று என்றார். உடம்பெல்லாம் வியர்வை ஓடிக்கொண்டிருந்ததால் யாரும் அஞ்சவில்லை. வியர்வை நின்றால்தான் வெப்பத்தாக்கு என்ற பரவலான நம்பிக்கை, வெயிலில் கிடக்கும் முதியவர்களைப் பொறுத்தவரை ஓரளவு பொருந்தினாலும், வேலை செய்துகொண்டே மையச்சூடு 40 டிகிரியைத் தாண்டுபவருக்குப் பொருந்தாது. அவருக்கு வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம், குழறும் பேச்சும் தடுமாறும் எண்ணிக்கையுமே முதல் அறிகுறி. அவர் விழுந்தபோது முதலாளி சோடா வாங்கிவரச் சொன்னார். இன்னொருவர் ஆட்டோவுக்கு ஓடினார். அன்று அவரைக் காத்தது இரண்டும் அல்ல, மாவு பிசைவதற்காகக் கரைந்துகொண்டிருந்த ஐஸ் தண்ணீர். வண்டி வரும்வரை குடம் குடமாக அதை அவர் மேல் கொட்டி விசிறினார்கள். முதலில் குளிர்வித்தல், பிறகே வண்டி என்பதுதான் இன்றைய மருத்துவ முறையும்; அன்று அது தற்செயலாக அமைந்தது.

பேக்கரியில் ஐஸ் எதற்கு என்று வெளியார் கேட்பதுண்டு. கோடையில் மைதா, தண்ணீர், காற்று மூன்றுமே சூடாக இருப்பதால் பிசையும்போதே ஈஸ்ட் பாய்ந்தெழுந்து மாவு புளித்துவிடும். மாவின் சூடு 26 டிகிரிக்குள் நிற்க, பிசையும் தண்ணீரில் ஐஸ் உடைத்துப் போட வேண்டும். ஆகவே ஒரே கூடத்தில் ஒருவர் அனலில் காய, பத்தடி தள்ளி இன்னொருவர் முழங்கைவரை குளிர்ந்த மாவில் கைவிட்டுப் பிசைந்துகொண்டிருப்பார். இருவரும் இடம் மாற்றிக்கொள்ளும் வழக்கம் அவ்விபத்துக்குப் பிறகு அங்கே ஏற்பட்டது. அது பட்டறிவால் வந்ததாயினும் அடிப்படை உடையது. உள்ளங்கையிலும் விரல்களிலும் வெப்பத்தை வெளியேற்றுவதற்கென்றே அமைந்த குருதி வழிகள் உண்டு. உடம்பு உள்ளே கொதித்துக்கொண்டிருக்கையில் கையைக் குளிர்நீரில் விட்டாலும் அவை மூடிக்கொள்வதில்லை, குளிர்ந்த குருதி நேராக நெஞ்சுக்குத் திரும்புகிறது. தீயணைப்பு வீரர்களுக்கும் கடற்படையினருக்கும் இதே முறை இன்று பரிந்துரைக்கப்படுகிறது. அடுப்பிலிருந்து ஒதுங்குபவர் தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொள்வதைவிட முன்கையை வாளியில் விட்டுப் பத்து நிமிடம் இருப்பது மேல்.

அதே ஐஸைக் குளிர்ந்த உடம்போடு தொடுபவரின் கதை முற்றிலும் வேறு. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் ஐஸ் பாரை உடைத்து மீன்பெட்டியில் அடுக்கும் தொழிலில் இக்குறிப்புகளை எழுதியவரின் தம்பி இருந்ததால், ஒரே வீட்டுத் திண்ணையில் இரு வகைப் பழக்கத்தையும் ஒப்பிட்டுப் பேச வாய்ப்பிருந்தது. ஐஸில் விட்ட விரல் முதலில் வெளுத்து வலிக்கும். குருதிக் குழாய்கள் சுருங்கிச் சூட்டை உள்ளேயே பதுக்குவதன் விளைவு அது. ஐந்து பத்து நிமிடத்தில் விரல் தானாகவே சிவந்து வெதுவெதுப்பாகி, மறுபடி வெளுத்து, மறுபடி சிவக்கும். இந்த அலையை 1930-இல் தாமஸ் லூயிஸ் என்ற பிரிட்டன் மருத்துவர் விவரித்தார். பிரிட்டனில் மீன் அறுப்போரிடமும் கனடாவின் காஸ்பே மீனவரிடமும் 1960-களை ஒட்டி ஆராய்ந்தவர்கள், அவர்களுடைய கை குளிர்நீரில் மற்றவர் கையைவிடச் சூடாக இருப்பதையும் வலி குறைவாக இருப்பதையும் கண்டனர். எனினும் குளிருக்கான பழக்கம் வெப்பத்துக்கானதைப் போல உடம்பு முழுவதையும் திருத்தியமைப்பதில்லை. பெரும்பாலும் அந்தக் கையோடு நின்றுவிடுகிறது, அதிலும் பாதி நரம்பு வலியைப் புறக்கணிக்கக் கற்றுக்கொள்வதுதான். மரத்துப்போன விரலைப் பழகிய விரல் என்று எண்ணிக் கத்தியில் விட்டவர்கள் துறைமுகத்தில் சிலர் உண்டு.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அடுப்புக்காரரின் கோடைப் பழக்கம் உச்சியில் இருக்கும் அதே இரு மாதத்தில் ஐஸ்காரரின் கைப்பழக்கம் கழன்றுவிடுகிறது. ஜூன் பாதியில் படகு திரும்பிய முதல் இரண்டு மூன்று நாள் இரவு, தம்பி விரல்களை அக்குளில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பதும், பிறகு அந்த வலியை மறந்துவிடுவதும் ஆண்டுதோறும் நடந்தது.

தண்ணீர் பற்றி ஒன்று. பழகிய உடம்புக்குத் தண்ணீர் குறைவாகப் போதும் என்று அடுப்புக்காரர்கள் பெருமையோடு சொல்வது உண்மைக்கு நேர் எதிரானது. பழகியவர் அதிகம் வியர்ப்பதால் அவருக்கே அதிகம் வேண்டும், உப்புதான் முதல் வாரப் புதியவருக்குக் கூடுதலாகத் தேவை. மைதா மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் வேலைக்கு முன்னும் பின்னும் ஏறிப் பார்த்தபோது, குடித்த தண்ணீரையும் மீறி ஒன்றரைக் கிலோவரை குறைந்திருந்த இரவுகள் உண்டு; குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர் கடன். பெரும்பாலோர் அதைக் கழிவறைக்குப் போகும் தொல்லைக்கு அஞ்சியே குடிக்காமல் விட்டனர். தமிழ்நாட்டு உப்பளத் தொழிலாளரிடையே வெப்பத்தையும் நீரிழப்பையும் ஆராய்ந்த போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழுவினர், சிறுநீரகப் பாதிப்பை அதனோடு சேர்த்துப் பேசுகின்றனர். பேக்கரிக்காரர் 'சூட்டு வலி' என்று சொல்லி வெந்தயம் விழுங்கும் நீர்க்கடுப்பும் அந்த வரிசையில் வைத்துப் பார்க்கப்பட வேண்டியது. நீராகாரத்தில் உப்புப் போட்டு வெங்காயத்தோடு குடித்த பழைய வழக்கம், விளம்பரப் பானங்களுக்கு முன்பே நீரையும் உப்பையும் சேர்த்தே தந்தது. வேர்க்குருவைப் பொறுத்தவரை பவுடர் பூசிவிட்டு வேலைக்கு வருபவரை அடுப்பில் நிறுத்தக் கூடாது. அடைபட்ட வியர்வைக் குழல்கள் தோல் தெளிந்த பின்னும் சில வாரம் சரியாக வேலை செய்வதில்லை.

பழக்கம் கழன்றுபோவதற்கு இன்னொரு சான்றும் உண்டு. கொரியாவில் குளிர்காலக் கடலில் பருத்தித் துணியோடு மூழ்கிச் சிப்பி எடுத்த பெண்களின் உடம்பு, நடுங்காமலே குளிரைத் தாங்கும்படி மாறியிருந்ததை ஹாங் சுக்-கி குழுவினர் 1960-களில் அளந்து பதிந்தனர். 1970-களின் பிற்பகுதியில் அப்பெண்கள் ரப்பர் உடைக்கு மாறினர். சில ஆண்டுகளில் மறுபடி அளந்தபோது, தலைமுறைகளின் சொத்து என்று கருதப்பட்ட அத்திறன் போயிருந்தது. மேற்சொன்ன பேக்கரியிலும் விறகடுப்பு இடிக்கப்பட்டு, மின்சாரத்தில் சுழலும் எஃகு அடுப்பு வந்தது. கதவை மூடிவிட்டால் அனல் வெளியே வருவதில்லை, மாஸ்டர் கண்ணாடி வழியாக நிறத்தைப் பார்த்தால் போதும். அம்மாற்றம் நிகழ்ந்தது பொங்கலை ஒட்டி. அவ்வாண்டு மே மாதத்தில், 27 ஆண்டு அடுப்பில் நின்றவர் நண்பகலில் பெரிய மார்க்கெட்டில் இருந்து காய்கறிப் பையோடு நேரு வீதி வழியாக நடந்து வருகையில், நெஞ்சு படபடத்து ஒரு துணிக்கடைப் படியில் உட்கார வேண்டியதாயிற்று. பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்த சுற்றுலாப் பயணி தன்னிடமிருந்த தண்ணீர்ப் பாட்டிலை நீட்டி, 'வெயில் பழக்கமில்லையா ஐயா?' என்று கேட்டார். வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு மாலையில் எடுத்துப் பார்த்தபோது, அதன் முதுகில் வெள்ளைக் கோடுகள் இருந்தன.